ஏழாவது குப்பி

அவளை எல்லோரும் இலையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த காவலாளிக்கும் அவள் இலையக்காதான், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணுக்கும் இலையக்காதான். ஒருமுறை அவள் கணவரே வாய்தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு, அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்காமல் தைத்துக்கொண்டிருந்தார்.

ஆராய்ச்சிக் கூடத்தில் இலை அறை அவள் பொறுப்பு. அதற்கு முன்னால் அதே கூடத்தின் கேன்டீனில் ஒன்பது வருடம் காய் நறுக்கினாள். ஆய்வுக் குழுவின் தலைவியான உயரமான அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். அந்த மேடம் ஒருநாள் தட்டில் கிடந்த பீன்ஸ் துண்டுகளை ஸ்பூனால் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். எல்லாம் ஒரே நீளம். சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டுச் சமையலறைக்குள் வந்தார்.

"இதை நறுக்கினது மெஷினா, மனுஷியா?"

"மனுஷிதான் மேடம். மெஷினா இருந்தா இடுப்பு வலிக்காதே."

அடுத்த மாதமே அவளை இலை அறைக்கு மாற்றிவிட்டார்கள். கேன்டீன்காரர் அதற்காக இன்றுவரை மேடத்தோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அந்த அறையில் நடக்கிற வேலையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொல்லாவிட்டால் அவள் செய்த தப்பு யாருக்கும் விளங்காது. தோட்டக்காரர் திங்கட்கிழமை காலையில் இலைகளைக் கூடையில் கொண்டுவந்து வைப்பார். இவள் மூன்று தண்ணீரில் அலசுவாள், விரல் அகலத்துக்கு நறுக்குவாள். நறுக்கிய கால் மணி நேரத்துக்குள் இலையை ஆவியில் காட்டிவிட வேண்டும்; நிறமும் குணமும் மாறாமல் இருக்க அதுதான் சட்டம். பிறகு உலர்த்தி, பொடித்து, ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் கடைசியில் அடியில் கொஞ்சம் கரும்பச்சைப் பிசின் நிற்கும். ஒரு கூடை இலைக்கு ஒரு சிறு குப்பி. அவ்வளவுதான்.

ஒவ்வொரு படிக்கும் தாளில் ஒரு கட்டம் உண்டு. செய்து முடித்ததும் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டும். ஆனால் இவள் கை நாள் முழுக்க ஈரம். ஈரக் கையால் தொட்டால் மை பரவித் தாள் நாசமாகிவிடும். அதனால் காலையில் கை காய்ந்திருக்கும்போதே எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டு வேலையில் இறங்குவாள். போட்டபடியே செய்தும் முடிப்பாள். ரெண்டு வருடத்தில் ஒரு நாள் பிசகியதில்லை. அந்த ஒரு நாளைத் தவிர.

இத்தனை பாடும் எதற்கு? சளி, காய்ச்சல் என்று தொடங்குகிற சில வைரஸ்கள் நுரையீரலுக்குள் இறங்கிவிடுகின்றன. பலருக்கு உடம்பே சண்டை போட்டுத் துரத்திவிடும். சிலருக்கு மட்டும் அந்தச் சண்டை நிற்கவே நிற்காது. வைரஸ் அடங்கிய பிறகும் உடம்பு கொந்தளித்துக்கொண்டே இருக்கும். நுரையீரல் வீங்கி, நீர் கோத்து, மூச்சுக்கே இடமில்லாமல் போகும். குழுவில் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி இருந்தாள். தலைமுடியை வைத்து அவளைச் சுருளி என்பார்கள். அவள் இதைப் படம் போட்டு விளக்க ஆரம்பித்தபோது இலையக்கா பாதியிலேயே கையமர்த்தினாள்.

"புரிஞ்சுது விடு. அடுப்பில தீப்பிடிச்சிருச்சுன்னு தெருவே வாளியோட ஓடி வருது. தீயும் அணைஞ்சு போச்சு. ஆனா ஒருத்தனும் நிறுத்த மாட்டேங்கிறான். ஊத்தி ஊத்தி வீட்டையே மூழ்கடிச்சுட்டானுங்க. அதானே?"

"அதேதான்க்கா."

"அப்போ நாம தேடறது தீயை அணைக்கிற மருந்து இல்ல. 'போதும்ப்பா, வாளியைக் கீழ வை'ன்னு சொல்ற மருந்து."

"ஆனா தீ எரியறப்பவே வாளியைப் பிடுங்கிடக் கூடாதுக்கா. அதுலதான் சிக்கலே."

"அது சரி. அதுக்குத்தான் நீ படிச்சிருக்கே. நான் நறுக்கறேன்."

இருபது செடிகளின் பட்டியல் ஒன்று இருந்தது. அதில் பதினாலாவது, வேலியோரம் வளர்கிற ஒரு செடி. இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் ஊதா. அதன் நீளமான பெயர் சுருளி வாயிலேயே பாதி நேரம் நுழையாததால் அந்த அறையில் அதற்குப் பெயர் 'பதினாலு'.

இலை அறையில் வேலை என்றால் சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? கணவரின் தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணி, பையனுக்கு ஒரே இருமல். உங்க இடத்துல ஏதோ இலை இருக்காமே, ஒரு பிடி குடுங்க. கஷாயம் வெச்சுக்கறேன்."

"அது இன்னும் மருந்து இல்ல. செல்லு மேல ஊத்திப் பாக்கறோம், அவ்வளவுதான்."

"இலைதானே அண்ணி, என்ன செஞ்சிடப் போகுது?"

"இலைதானேன்னு அரளியைத் தின்பியா? எது எவ்வளவு சேந்தா ஈரலைக் கெடுக்கும்னு இன்னும் பாக்கவே இல்ல. பையனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. வேணும்னா நானும் வரேன்."

"ஒரு பிடி இலைக்கு இவ்வளவு பிகு!"

"அரைப் பிடிகூடக் கிடையாது."

ரெண்டு மாதம் அவள் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. இலையக்காவும் வா என்று சொல்லவில்லை. இருமல் என்னவோ டாக்டர் கொடுத்த மருந்தில் சரியாகிவிட்டது.

பதினாலாவது செடி ஆறு முறை தோற்றது. சோதனை நடக்கிற தட்டு உள்ளங்கை அகலம்தான். அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிகளில் செல்களை வளர்த்து, வைரஸின் துணுக்கைக் காட்டிச் சீண்டுவார்கள். மற்ற குழிகளை அப்படியே விட்டு, சிலவற்றில் மட்டும் குப்பியிலிருந்து ஒரு சொட்டு. கடைசியில் ஒரு நீரைச் சேர்த்தால் மஞ்சள் நிறம் எழும். மஞ்சள் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு கொந்தளிப்பு. ஆறு முறையும் எல்லாக் குழிகளும் ஒரே கெட்டி மஞ்சள். ஏழாவது குப்பிக்கு மட்டும் சொட்டு விழுந்த குழிகள் வெளுத்துக் கிடந்தன. மேடம் குதிக்கவில்லை. "செத்த செல்லும் அமைதியாத்தான் இருக்கும். முதல்ல உயிர் இருக்கான்னு பாரு" என்றார். பார்த்தார்கள். எல்லாம் உயிரோடுதான் இருந்தன. அதற்கப்புறம்தான் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேடம் ஒரு கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசினார். பிறகு எட்டு, ஒன்பது, பத்து என்று இன்னும் மூன்று குப்பிகள் செய்தார்கள். மூன்றும் பழையபடி கெட்டி மஞ்சள்.

ஒரு சாயங்காலம் கழுவுதொட்டிப் பக்கம் சுருளி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"ஏழாவதை நான்தான் கெடுத்திருக்கேன்க்கா. குப்பி மாறிப்போச்சோ, அளவு தப்பா எடுத்தேனோ, தெரியல. வெள்ளிக்கிழமை மேடம் எழுதப் போறாங்க. ஏழாவது முடிவு தப்பு, பதினாலைப் பட்டியல்ல இருந்து எடுக்கறோம்னு. என் மூணு வருஷமும் அதோட போச்சு."

"உன் கை தப்பு பண்ணாது. காட்டு அந்தத் தாளை."

தாளில் பத்துக் குப்பிகளும் தேதிவாரியாக இருந்தன. இலையக்கா விரலை வைத்துக்கொண்டே கீழே இறங்கினாள். ஏழில் விரல் நின்றுவிட்டது. அந்தத் தேதியை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள்.

அன்று ரெண்டு பெரிய தட்டு இலையை நறுக்கி வைத்திருந்தாள். ஆவிப் பானை இன்னும் கொதிக்கவில்லை. அப்போது மகள் போன் செய்தாள். "அம்மா, அப்பாவுக்கு மூச்சு வாங்குது. பேசவே முடியல." அவள் கணவர், தையல்காரர், ஐந்து நாளாகக் காய்ச்சலில் படுத்திருந்தார். இவள் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து இலை மேல் மூடினாள். அடுப்பை அணைத்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டரம்மா ஒருத்தி அவளை நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாள். "வைரஸ் இப்போ பெரிய பிரச்சினை இல்லம்மா. உடம்புதான் அளவுக்கு மீறி கொதிக்குது. அதை அடக்க ஸ்டீராய்டு போட்டிருக்கோம், ஆக்சிஜன் குடுக்கறோம். நிறைய பேருக்குக் கேக்கும்." கேட்காதவர்களுக்கு என்ன செய்வீர்கள் என்று இலையக்கா கேட்டாள். டாக்டரம்மா, "அதுக்குத்தான் எல்லாரும் தேடிக்கிட்டிருக்காங்க" என்றாள். நானும் அந்தக் கும்பலில் ஒருத்திதான் என்று இவள் சொல்லவில்லை. வாளியைக் கீழே வைக்காத அந்தத் தெருக்காரர்களைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அவருக்குக் கேட்டது. மறுநாள் மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் வைத்தாயா என்று அவர் எரிந்து விழுந்தபோது இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராகக் கூடத்துக்குப் போனாள். துணிக்கடியில் இலைகள் துவண்டு, ஓரம் பழுத்து, பழம் கனிந்த மாதிரி இனித்த வாசனை வீசின. தோட்டக்காரர் இனி அடுத்த திங்கள்தான் பறிப்பார். எறிய மனம் வரவில்லை. அப்படியே ஆவியில் காட்டி, உலர்த்தி, பொடித்து, ஊறவைத்து வடிகட்டிக் குப்பியில் அடைத்துவிட்டாள். தாளில் 'கால் மணி நேரத்துக்குள்' என்ற கட்டத்தில் முந்தைய நாள் காலையிலேயே போட்ட டிக் அசையாமல் உட்கார்ந்திருந்தது. இருந்த மனநிலையில் அதை அவள் பார்க்கவுமில்லை.

இப்போது அந்தப் பழைய தாளை எடுத்துப் பார்த்தாள்.

வீட்டில் தையல்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஊசியை மெஷினிலேயே நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"சொன்னா என்ன ஆகும்?"

"தாள்ல பொய் இருந்தா வேலையை விட்டு அனுப்பிடுவாங்க. போன வருஷம் ஒருத்தரை அனுப்பினாங்க."

"சொல்லலேன்னா?"

"பதினாலு குப்பைக்குப் போகும். அந்தப் பொண்ணு பேரும் கெட்டுப்போகும்."

"எனக்கு இன்னும் நாலு சட்டைக்கு மேல தைச்சா மூச்சு வாங்குது. உன் வேலையும் போச்சுன்னா என்ன பண்றதுன்னு யோசிச்சியா? வாட விட்டதாலதான் வேலை செஞ்சுதுன்னு உனக்கென்ன நிச்சயம்? வெறும் குருட்டு அதிர்ஷ்டமா இருந்தா?"

"இருக்கலாம். அதையும் பாத்துத்தானே சொல்லணும்."

"நீ முடிவு பண்ணிட்டுத்தான் என்கிட்ட கேக்கறே."

"நான் எங்க கேட்டேன்? சொல்லிட்டிருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி மெஷினை மிதித்தார். மறுநாள் காலையில், "என்னால நடந்த தப்புன்னு சொல்லிடு. படுத்த படுக்கையா கெடந்தவன் மேல யாரு கோவிச்சுக்கப் போறாங்க?" என்றார்.

"அதெல்லாம் முடியாது. டிக் போட்டது என் கை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மேடம் கதவருகில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். பிறகு மெல்ல வந்து உட்கார்ந்தார். முதலில் அவர் கேட்டது ஏழாவது குப்பியைப் பற்றி அல்ல.

"மத்த தாள்ல எல்லாமும் காலையிலயே போட்ட டிக்தானா?"

"ஆமா மேடம்."

"ரெண்டு வருஷமா?"

"ரெண்டு வருஷமா. ஆனா போட்டபடி செஞ்சேன். அன்னிக்குத் தவிர."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? இந்த டிக்கை நம்பித்தான் நான் அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசினேன். அந்தப் பொண்ணை நிக்கவெச்சுக் கேள்வி கேட்டேன்."

"தெரியும் மேடம். அதனாலதான் வந்தேன்."

"இதுக்கு வேலை போகும்னும் தெரியுமா?"

"தெரியும். அனுப்பறதுன்னா அனுப்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை இலையை வாடவெச்சுப் பாக்கணும். பாக்காம வெள்ளிக்கிழமை எழுதினீங்கன்னா நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன். காவலாளியைக் கூப்பிட்டாலும் அவருக்கு மூட்டுவலி, என்னைத் தூக்க முடியாது."

மேடத்துக்குக் கோபம் தணியவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவர் எதையும் எழுதவில்லை.

இலை அறைச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் பாட்டில் கழுவினாள். அடுத்த திங்கட்கிழமை நறுக்க மட்டும் கூப்பிட்டார்கள். வேறு யார் நறுக்கினாலும் துண்டு பெரிதும் சிறிதுமாக வந்தது. பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நின்று எல்லாவற்றையும் எழுதினார். இலையை மூன்று பங்காக்கினார்கள். ஒன்று நறுக்கிய உடனே ஆவிக்குப் போனது. ஒன்று நறுக்கி, ஈரத் துணியின் கீழ் இருபத்திரண்டு மணி நேரம் கிடந்தது. மூன்றாவது நறுக்காமல், முழு இலையாக அதே நேரம் கிடந்தது. குப்பிகளில் எது எதுவென்று சுருளிக்குத் தெரியக் கூடாது என்று வெறும் எழுத்துகளை ஒட்டி, விவரத்தை உறையில் போட்டு மேடம் பூட்டிவைத்தார்.

தட்டு வந்த நாள் இலையக்கா கழுவுதொட்டியை விட்டு வரவில்லை. மேடம் அவளைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அவள் வரவில்லை. கடைசியில் தட்டைத் தூக்கிக்கொண்டு மேடமே வந்தார், பின்னால் சுருளி.

"செல்லு உயிரோட இருக்கா?" இலையக்கா திரும்பாமல் கேட்டாள்.

"மூணுலயும் இருக்குக்கா."

திரும்பிப் பார்த்தாள். ரெண்டு வரிசை கெட்டி மஞ்சள். நடுவில் ஒரு வரிசை, தண்ணீரில் பால் சிந்தினாற்போல வெளுத்திருந்தது. மேடம் உறையைக் கிழித்தார். நறுக்கி வாடவைத்த பங்கு.

"நான் ஒண்ணும் கெடுக்கலக்கா!" என்று கத்திக்கொண்டு சுருளி அவள் தோளில் விழுந்தாள். சோப்புத் தண்ணீர் ரெண்டு பேர் மேலும் தெறித்தது.

மேடம் ஒரு முறையோடு நம்புகிற ஆள் இல்லை. இன்னும் ரெண்டு முறை செய்யவைத்தார். ஒரு முறை வெளுப்பு பாதியாகத்தான் வந்தது. அந்த நாளில் துணி காய்ந்துபோயிருந்ததைப் பிறகு கண்டுபிடித்தார்கள். இன்னொரு முறை முதல் மாதிரியே வந்தது. வேதியியல்காரர் ஒருவர் வாடாத இலைக் குப்பி, வாடிய இலைக் குப்பி ரெண்டையும் தன் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: கொந்தளிப்பை அடக்குகிற பொருள் அந்த இலையில் ஒரு சர்க்கரையோடு ஒட்டிக் கிடக்கிறது. இலை நறுக்குப்பட்டு, ஈரத்தோடு கிடந்தால், அதிலேயே இருக்கிற இன்னொரு பொருள் அந்த ஒட்டை வெட்டி விடுகிறது. உடனே ஆவியில் காட்டினால் வெட்டுகிற பொருள் வெந்துபோகிறது. அதனால் இத்தனை நாளும் இவர்களே அதை வேகவைத்துக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

"கால் மணி நேரச் சட்டம் யாரு போட்டது?" என்று தையல்காரர் கேட்டார்.

"மேடம்தான்."

"அவங்களுக்கு யாரு கடிதம் குடுப்பா?"

அவளுக்கு வந்த கடிதத்தைத்தான் அவர் அப்படிக் குத்திக்காட்டினார். வேலை போகவில்லை. ஆனால் செய்யும் முன்பே டிக் போட்டதற்கு எச்சரிக்கை என்று எழுதிக் கோப்பில் வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு அவள் தாளில் இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். ரெண்டு வருடத்துப் பழைய குப்பிகளில் முக்கியமானவற்றை மறுபடியும் செய்ய வேண்டும். இலையக்கா மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். செய்தது தப்புத்தான், நல்லது விளைந்ததால் தப்பு சரியாகிவிடாது. இதை யார் மறுத்தாலும் ஒத்துக்கொள்ள முடியாது. அந்தக் குப்பிகள் அனைத்தையும் அவள் முகம் சுளிக்காமல் செய்து முடித்தாள். அவற்றில் ஒன்றுகூடப் பழைய முடிவிலிருந்து மாறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பதினாலு இன்னும் மருந்து இல்லை. எலிகளில் பார்க்க வேண்டும், ஈரலுக்கு ஆகுமா என்று பார்க்க வேண்டும், எந்த நாளில் கொடுத்தால் நல்லது, எந்த நாளில் கெடுதல் என்று பார்க்க வேண்டும். வருடக்கணக்காகும். பாதியில் படுத்துவிடவும் கூடும். ஆனால் பட்டியலில் இருக்கிறது. வேறொரு தேசத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடம் மேடத்திடம் செய்முறையைக் கேட்டு வாங்கியது. அங்கே நம் மொழி பேசுகிற ஒருவர் இருந்தார். ஒரு புதன்கிழமை காலையில் அவர் போனில் வந்தார். சுருளி ஓடிவந்து போனை இலையக்காவின் காதில் வைத்தாள்.

"அம்மா, செய்முறையில 'ஈரத் துணி'ன்னு போட்டிருக்கு. எவ்வளவு ஈரம்? எங்களுக்கு ரெண்டு தடவையும் சரியா வரல."

"பிழிஞ்சா ஒரு சொட்டும் விழக் கூடாது. கன்னத்துல வெச்சா சில்லுன்னு இருக்கணும்."

"சதவீதத்துல சொல்ல முடியுமா?"

"சதவீதத்தை நீங்க அளந்து எனக்குச் சொல்லுங்க தம்பி. இப்போ துணி பக்கத்துல இருக்கா?"

"இருக்கும்மா."

"பிழிஞ்சீங்களா?"

தூரத்தில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"இன்னும் பிழிங்க" என்றாள் இலையக்கா. "நான் லைன்லயே இருக்கேன்."